ஐந்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
18-1-2002

அன்புள்ள ராதா,

டெல்லிக்குப் போய் ஏழு மாதத்தில் எங்கள் முகவரி மறந்துவிட்டதா? பொங்கலுக்கு ஒரு வரி இல்லை. சரி, சண்டையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். காரியம் ஆக வேண்டியவள் சண்டை போடக்கூடாது.

சனிக்கிழமை மல்லேஸ்வரம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. மருந்தைத்தான் ஒழுங்காக விட்டுக்கொள்வதில்லை. நான் போனால் மட்டும் குழந்தை மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டுகிறார். பக்கத்து வீட்டு மாமியிடம், "எம் பொண்ணு டெல்லில இந்தியாவுக்கே பரீட்சை வைக்கிறா" என்று ஒரே பெருமை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. புதன்கிழமை அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பிளாக் ஆபீஸ் மஞ்சுநாத் சாரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேசிய அளவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழியிலும் கணக்கிலும் பரீட்சை. நாடு முழுவதும் சில பள்ளிகளை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதில் நம் பள்ளியும் ஒன்று. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வருகிறார்கள். 'அமுதவல்லி தமிழ்ப் பாடசாலை, ஆஸ்டின் டவுன்' என்று கன்னடத்தில் ஓர் எழுத்து பிசகாமல் அடித்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடத்தில் நம் பெயரைச் சரியாகப் போட்டு ஒரு காகிதம் வருவது இதுதான் முதல் தடவை. அதுதான் பயமாக இருக்கிறது.

உனக்குத் தெரியாததா? 91 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, நீயும் நானும்தானே ஏணி போட்டு ஏறி, தமிழ் போர்டைக் கழற்றிக் கரித்துணி அலமாரிக்குப் பின்னால் வைத்தோம். நம்மைப் போன்ற பள்ளி யார் கண்ணிலும் படாமல் இருப்பதே க்ஷேமம் என்று அன்றைக்கு நீதான் சொன்னாய். பின்தெருத் தமிழ்ப் பள்ளி அதிகாரிகள் கண்ணில் பட்டது. 'தேர்ச்சி குறைவு' என்று ஒரு வரி எழுதினார்கள். அடுத்த ஜூனில் கதவு திறக்கவில்லை. அங்கிருந்த பெஞ்சுகள்தான் இப்போது நம் ஐந்தாம் வகுப்பில் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகள் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள் மேல்தான் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

ஐந்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். பதினேழு பேர் சுமாராகப் படிப்பார்கள். ஆறு பேருக்கு எழுத்துக்கூட்டவே வராது. ஏன் வரவில்லை என்று நீ கேட்காதே. ஏழு வகுப்புக்கு நானும் சின்னப்பா சாரும் ஒரு தற்காலிக டீச்சரும். நீ போன இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இந்தப் பரீட்சையை நடத்தும் ஆபீஸில்தானே நீ உட்கார்ந்திருக்கிறாய்? எனக்கு மட்டும் உண்மையைச் சொல். இது எதற்கு? மூடுவதற்கா? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஜெயராஜ் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, "பரீட்சை உனக்கா, புள்ளைங்களுக்கா?" என்று கேலி செய்கிறார். கேலி செய்ய அவருக்கென்ன, அவர் ஃபேக்டரியை யாரும் பரீட்சை வைத்து மூடப்போவதில்லை.

உடனே பதில் போடு.

உன்
சரளா


புது டெல்லி
26-1-2002

அன்புள்ள சரளா,

இன்று குடியரசு நாள் விடுமுறை. பஸ்கள் ஓடவில்லை, பனியில் எதிர் வீடு தெரியவில்லை. ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் மன்னி.

முதலில் சாப்பிடு. நீ பயப்படும்படி இதில் எதுவும் இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுதான் இது. சோறு வெந்ததா என்று பார்க்கக் கையில் எடுக்கிற பருக்கையை யாரும் குற்றம் சொல்வதில்லை. எந்தப் பள்ளியின் பெயரும் அறிக்கையில் வராது. நம் பள்ளியை நான் எடுக்கவும் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வந்து விழுந்தது. பட்டியலில் பார்த்தபோது நானும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

எங்கே பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து அங்கே ஆசிரியர்களையும் புத்தகங்களையும் கொடுக்கத்தான் இத்தனை பாடு. அதை நான் நம்புகிறேன். நம்பாவிட்டால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு இந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கேள்வி என்ன என்று நீ கேட்கவில்லை, நல்லது. கேட்டாலும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருபத்து மூன்று பேரையும் உட்கார வை. தெரிந்தவர்கள் எழுதட்டும். தெரியாதவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்காரட்டும். அந்தக் காலித்தாளும் எங்களுக்கு வேண்டும். என் பேச்சை இந்த ஒரு தடவை கேள்.

அம்மாவுக்கு நீ மருந்து விடுவதை நினைத்தால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அன்று ஸ்டேஷனில் ரயில் நகரும்போது நீ ஓடி வந்து கொடுத்த ஊறுகாய் பாட்டில் நேற்றுதான் தீர்ந்தது.

அன்புடன்
ராதா


ஆஸ்டின் டவுன்
14-2-2002

அன்புள்ள ராதா,

முடிந்துவிட்டது. முந்தாநாள் காலை பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விட்டார்கள். நான் இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வீட்டில் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான்.

உன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைச் சின்னப்பா சாரிடம் படித்தும் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பின்தெருவுக்கு வந்தவனும் ஹெல்ப் பண்ணத்தான் வந்தோம்னான், மேடம்" என்றார். அவருக்கு மே மாதம் ரிட்டயர்மெண்ட். அதற்குள் பள்ளிக்கு ஒன்று என்றால் பென்ஷன் பேப்பர் எந்த மேசையில் போய் நிற்கும் என்று அவருக்கு நடுக்கம். எனக்கு அதைவிட நடுக்கம். இன்சார்ஜ் தலைமை ஆசிரியை என்று என் கையெழுத்துதானே எல்லாவற்றிலும் இருக்கிறது. பள்ளி மொத்தத்தில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். மூடினால் பாதிப் பேர் வேறெங்கும் சேர மாட்டார்கள். நேராக வீட்டு வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும்தான் போவார்கள். பின்தெருப் பிள்ளைகள் போனதை நம் கண்ணால் பார்த்தோம்.

அதனால் பழைய வழக்கத்தையே செய்தோம். ஆறு பேருக்கும் முதல் நாளே 'இன்ஸ்பெக்ஷன் லீவு' கொடுத்து அனுப்பினோம். வழக்கமாக அந்த இடம் காலியாக இருக்கும். இந்தத் தடவை வருகைப் பதிவேட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. எனவே சின்னப்பா சார் ஆறாம் வகுப்பிலிருந்து நன்றாகப் படிக்கிற ஆறு பேரைக் கூட்டி வந்து அந்த இடங்களில் உட்கார வைத்தார். யார் யார் பெயரில் எழுத வேண்டும் என்று மூன்று நாள் மனப்பாடம்.

வந்தவர்கள் இரண்டு பேர், டி.சி.ஹெச். படிக்கிற ஆசிரியர் பயிற்சி மாணவர்கள். நரேஷ் என்று ஒரு பையன், கூட ஒரு பெண். இரண்டு பேருக்கும் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. பாவம், கேள்வித்தாளைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் சிரித்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். என் பயமெல்லாம் பாதி இறங்கிவிட்டது. அப்போதுதான் கேட் பக்கம் பார்த்தேன்.

மமதா நின்றுகொண்டிருந்தாள்.

உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவள். எழுத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சிவாஜி நகரிலிருந்து எந்தப் பஸ் எங்கே போகும் என்று கேட்டால் நம்பர் நம்பராகச் சொல்வாள். அவளுக்கு லீவு என்று சொல்லி அனுப்பியிருந்தேன். யூனிபாரத்தைத் துவைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, கையில் சீவிய புதுப் பென்சிலோடு வந்து நிற்கிறாள். பரீட்சை என்றால் அவளுக்கு ஆசையாம்.

நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அவள் போகவில்லை. நரேஷ் எழுந்து ஜன்னலுக்கு வந்து, "யாரு மேடம் ஈ ஹுடுகி?" என்றான். என் பதிவேட்டில் மமதா என்ற பெயருக்கு நேராக உள்ளே வேறொருத்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். "நம்ம ஸ்கூல் ஹுடுகி அல்லா சார்" என்று சொல்லிவிட்டேன். நம் பள்ளிப் பெண் இல்லை என்று.

நான் கன்னடத்தில் சொன்னால் அவளுக்குப் புரியாதா என்ன? ஆஸ்டின் டவுன் பிள்ளை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பள்ளி தப்பித்துவிட்டது ராதா. அதற்குத்தான் செய்தேன். ஆனால் இரண்டு நாளாக யார் கேட்டைத் தள்ளினாலும் மஞ்சுநாத் சார்தான் வருகிறார் என்று உடம்பு தூக்கிப் போடுகிறது.

அம்மா நலம். இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் நீர் வடிகிறது. டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார், ஒரு நாளைக்கு நாலு தடவை. நீ திட்டி ஒரு கடிதம் போடு, அப்போதுதான் கேட்பார்.

உன்
சரளா


புது டெல்லி
22-2-2002

சரளா,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துவிட்டேன். இரண்டாம் பக்கம் வந்ததும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மீதியைப் படித்தேன். ஏன்டி இதைக் காகிதத்தில் எழுதினாய்?

நீ என்ன செய்துவிட்டாய் என்று உனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள். கர்நாடகத்தில் தமிழ் வழிப் பள்ளிகளுக்குத் தனித்தாள் அடிக்க வைக்க நான் நாலு மாதம் சண்டை போட்டேன். 'இத்தனை சின்ன எண்ணிக்கைக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்' என்றார்கள். கடைசியில் ஒன்பது பள்ளிகளைச் சேர்த்தார்கள். ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதை வைத்துத்தான் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வருகிறதா இல்லையா என்று முதல் தடவையாகச் சொல்லப்போகிறோம். அதில் நம் பள்ளித்தாள்கள் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கின்றன. உன் ஆறு பேரும் கிட்டத்தட்ட முழு மார்க்.

வாசிப்பு வராத பள்ளிகளுக்கு இரண்டு வருடம் கூடுதலாக ஓர் ஆசிரியை, புத்தகப் பெட்டி என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறோம். அனுமதி வருமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வந்தால் முதலில் வர வேண்டிய இடம் எது? காலியாகக் கிடக்கும் என் நாற்காலிதானே? அதை நீயே தள்ளிவிட்டாய். பானையிலிருந்து வெந்த சோறாகப் பொறுக்கி எடுத்துக் காட்டிவிட்டு, அடுப்பை அணைக்கச் சொல்கிறாய்.

மார்ச் 28 அன்று கணக்கை மூடுகிறோம். அதற்குள் மஞ்சுநாத் சாருக்கு நீயே எழுதிக் கொடு. நடந்தது இது, எங்கள் தாள்களை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு வரி போதும். நீ எழுதினால் அது தவறைத் திருத்திக்கொண்டது. நான் சொன்னால் புகார். 28 வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

என்னையும் நினைத்துப் பார். இந்தக் கடிதம் என் பெட்டியில் இருக்கிற வரைக்கும் நானும் இதில் கூட்டு.

ராதா


ஆஸ்டின் டவுன்
3-3-2002

ராதா,

'இரண்டு வரி போதும்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். அந்த இரண்டு வரியில் சின்னப்பா சாரின் முப்பத்து நாலு வருட சர்வீஸ் போய்விடும். என் வேலை போய்விடும். ஏமாற்றிய பள்ளி என்று பெயர் வாங்கிக்கொண்டு மூடுவார்கள். பின்தெருப் பள்ளியாவது மானத்தோடு மூடியது.

எனக்குப் பாடம் நடத்துகிறாயே, இன்ஸ்பெக்ஷன் லீவு யார் கண்டுபிடித்தது? 96இல் இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஏழு பிள்ளைகளை லால்பாக் கூட்டிப்போய்ப் புளிசாதம் போட்டு, சாயங்காலம் மூன்றரை மணிக்குக் கொண்டுவந்து விட்டது யார்? நீ. நான் வகுப்பில் நின்று இன்ஸ்பெக்டருக்குக் காபி கொடுத்தேன். மறுநாள் மற்ற பிள்ளைகள், "எங்களுக்கு எப்ப மிஸ் லால்பாக்?" என்று கேட்டார்கள். நாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு உன் பானை எங்கே போயிற்று?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

பயந்து பயந்து எனக்குப் புத்தி கலங்குகிறது. கேள். மமதா அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் இன்று ஞாயிற்றுக்கிழமைதானே என்று அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா லட்சுமம்மா கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள், வீட்டில் இருந்தாள். எனக்கு ஸ்டூல் போட்டுத் துடைத்துவிட்டு, "டீச்சரம்மா, பேரை எடுத்துட்டீங்கன்னா டி.சி. குடுத்துருங்க, வேற எங்கனாச்சும் சேக்கறேன். டி.சி. இல்லாம யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதிகாரிகள் முன்னால் டீச்சரே சொன்னால் அது ஆர்டர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பள்ளிகளில் போய்க் கேட்டும் பார்த்திருக்கிறாள்.

மமதா கதவுக்குப் பின்னால் நின்றாள். "ஏம்மா வரல?" என்றேன். அவள் கேட்டாள்: "நம்ம ஸ்கூல் இல்லேன்னு சொன்னீங்கல்ல. அப்ப நான் எந்த ஸ்கூல், மிஸ்?"

ராதா, அவள் வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பேர் எடுக்கவில்லை, நாளைக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அவள் அம்மா பிளாக் ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்றுதான் என் மனம் முதலில் போயிற்று. அதை நினைத்து எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தை எரித்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மற்றதை நான் யோசித்துச் செய்கிறேன்.

சரளா


புது டெல்லி
11-3-2002

சரளா,

லால்பாக் உண்மை. அன்று அந்த ஏழு பேரும் கண்ணாடி மாளிகையைச் சுற்றி ஓடி விளையாடினார்கள். ஒருவன் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நாங்க மட்டும் ஏன் மிஸ் வந்தோம்?" என்றான். 'நீங்கள்தான் நல்ல பிள்ளைகள்' என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அவன் முகத்தை மறக்க முடியாமல்தான் எம்.எட். படித்தேன், டெல்லிக்கு வந்தேன். உன்னிடம் இதைச் சொன்னதில்லை. வழக்கம் என்னுடையதுதான். அதனால்தான் உன்னிடம் இத்தனை கடுமையாகப் பேசுகிறேன் போலிருக்கிறது.

கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க அடுப்பருகே கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தேன். 28 வரை என்றேன், 28 வரைதான். அந்தப் பெண்ணை நினைத்தாவது எழுதிக் கொடு.

ராதா


ஆஸ்டின் டவுன்
19-3-2002

அன்புள்ள ராதா,

கொடுத்துவிட்டேன்.

நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு வந்தேனே, அவள் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் வருகை எடுக்கும்போது அவள் பெயரை வாசிக்கிறேன், பெஞ்சிலிருந்து சத்தம் இல்லை. நேற்று அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். இன்று அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பிளாக் ஆபீஸ் போனேன். சின்னப்பா சாரிடம் முதலில் சொன்னேன். அவர், "என் பேரையும் எழுதிக்கங்க மேடம், ஆறாம் கிளாஸ் பசங்களக் கூட்டிட்டு வந்தது நான்தானே" என்றார்.

மஞ்சுநாத் சார் படித்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்கும் பயம். தன் பிளாக்கில் இப்படி நடந்தது என்று மேலே போனால் அவர் தலையும்தானே உருளும். "நான் இதை நோடில்லா மேடம், பாக்கவே இல்ல, நீங்க வாபஸ் எடுத்துட்டுப் போங்க" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் கால் திரும்பிற்று. "சீல் போட்டு நகல் குடுங்க சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. போட்டுக் கொடுத்தார். 19 மார்ச் 2002.

இனி என்ன வரும் என்று தெரியாது. ஆனால் நீ சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். உன் முகத்தில் நான் விழிக்கலாம், இல்லையா? கோடை விடுமுறைக்கு வரும்போது லட்சுமம்மா வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போவோம். எனக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை.

உன்
சரளா


புது டெல்லி
20-3-2002

சரளா,

நீ இதைப் படிக்கும்போது என்னை வெறுப்பாய். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை என் அதிகாரி கூப்பிட்டார். மேசையில் நம் பள்ளித்தாள்கள். ஆறு பேர் பிறந்த தேதி மற்றவர்களைவிட ஒரு வருடம் முந்தியிருக்கிறது, ஆறு பேரும் முதல் ஆறு இடம். சின்னப்பா சார் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தாரே தவிர, பிறந்த தேதியை மறந்துவிட்டார். பிள்ளைகள் தங்கள் சொந்தத் தேதியை எழுதியிருக்கிறார்கள். "உங்க ஸ்கூல்தானே இது? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நீ எழுதிக் கொடுக்க மாட்டாய் என்று முடிவு கட்டிவிட்டேன். நாளைக்கு என் பெட்டியில் உன் கடிதம் அகப்பட்டால் பள்ளியைக் காப்பாற்ற நானே சொல்லிக்கொடுத்தேன் என்பார்கள். தமிழ்த்தாள் மொத்தத்தையும் குப்பையில் போடுவார்கள். இதெல்லாம் காரணமா, வெறும் பயமா என்று எனக்கே தெரியவில்லை. பிப்ரவரி 14 கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

விசாரணை முடியும்வரை எனக்கு எழுதாதே. எழுதினால் அதையும் கேட்பார்கள்.

ராதா


ஆஸ்டின் டவுன்
7-4-2002

ராதா,

எழுதாதே என்றாய். விசாரணை வியாழக்கிழமை முடிந்தது. எனவே எழுதுகிறேன்.

உன் கடிதம் 26ஆம் தேதி வந்தது. என் கடிதம் உனக்கு எப்போது வந்ததோ தெரியாது. அன்று முழுக்க இரண்டு தேதிகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது, இருபது. நான் ஒரு நாள் முந்தியவள். ஆனால் டெல்லிக்கு உன்னுடையதுதான் முதலில் போயிற்று, நீ அங்கேயே இருக்கிறாயே. ஆகவே பைலில் அது புகார். மாட்டிக்கொண்ட பிறகு நான் எழுதிக் கொடுத்ததாக முதலில் நினைத்தார்கள். நல்ல வேளை, மஞ்சுநாத் சாரின் சீல் இருந்தது.

விசாரணை அதிகாரி என் கடிதத்தின் நகலைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. உன் அம்மா கண்ணில் நீர் வடிகிறது என்று எழுதியிருந்தேனே, அந்த வரி மேலேயும் ஒரு முத்திரை குத்தியிருந்தது. நான் அழுதுவிட்டேன். வேலை போகிறதே என்று அழுவதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

என்னை இன்சார்ஜிலிருந்து எடுத்துவிட்டார்கள், மெமோ கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கிறதா இல்லையா என்று ஜூனில் தெரியும். சின்னப்பா சாரின் பென்ஷன் பேப்பரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

நீ உட்கார வை என்று சொன்னபோது நான் நம்பவில்லை. நான் எழுதிக் கொடுப்பேன் என்று நீ நம்பவில்லை. இருபத்தெட்டு வரை என்று சொன்னது நீ. பயந்தவர்கள் இரண்டு பேர் சிநேகமாக இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இனி உனக்கு எதையும் மனம் விட்டு எழுத என் கை வராது. அதனால் இதுவே கடைசி. ஆனால் சனிக்கிழமைகளில் மல்லேஸ்வரம் போவேன். அது வேறு, இது வேறு. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஒரு செய்தி பாக்கி. தமிழ்த்தாள் கணக்கை மட்டும் மூடாமல் வைத்திருக்கிறார்களாம், வெள்ளிக்கிழமை நம் பள்ளிக்கு மறுபரீட்சை வைத்தார்கள். புதுத்தாள், தமிழ் தெரிந்த ஆட்கள். அதற்கு முந்தின நாள் லட்சுமம்மா வீட்டுக்குத் தனியாகவே போனேன். வாசலில் நின்றபடி, அக்கம்பக்கத்தார் கேட்க, "அன்னைக்கு நான் பொய் சொன்னேம்மா, மமதா நம்ம ஸ்கூல் பொண்ணுதான்" என்று சொன்னேன். கன்னடத்திலும் சொன்னேன்.

மறுநாள் மமதா வந்தாள். அதே புதுப் பென்சில், இன்னும் சீவியபடியே இருந்தது. இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை, வெளியே ஜன்னலோரம் நின்றேன். மற்றவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க, அவள் முதல் பக்கத்தில், பள்ளியின் பெயர் எழுதும் இடத்திலேயே இருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாம் அன்றைக்குக் கழற்றிய தமிழ் போர்டு இப்போது வகுப்புச் சுவரில்தான் இருக்கிறது, அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. மற்றதெல்லாம் வெறும் தாளாகத்தான் இருக்கும். நீ கேட்ட காலித்தாள்.

அது உன் மேசைக்கு வரும். மார்க் போடுவதற்கு முன்னால் மேலே அந்த வரியைப் பார். அது சரியாக இருக்கும்.

சரளா